வனமாமலை மாஸ்டர்

ராஜாமணி அதிகம் பொய் சொல்லாத மனிதர். பாரில் கடை போட்டவரைப் பற்றி இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும். பழைய மீனைப் புது மீன் என்று யார் தலையிலும் கட்டியதில்லை. போதையில் இருப்பவன் இரண்டு தட்டு தின்றால் இரண்டு தட்டுதான். பதினாலு வருஷத்தில் வாடிக்கையாளர்களிடம் சொன்னது ஒரே ஒரு பொய். ஆனால் அந்த ஒன்றைச் சோறு போட்டு வளர்த்துவிட்டார். அதற்குச் சொந்த ஊர் இருந்தது, முன்கோபம் இருந்தது, கடைசிக் காலத்தில் மூட்டுவலிகூட வந்து சேர்ந்தது. வனமாமலை மாஸ்டர் என்பது அந்தப் பொய்யின் பெயர்.

படப்பையிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அரசு ஒயின்ஷாப்பை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பன்னிரண்டு மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓடாத ஒரு மின்விசிறி. பாரை ஏலம் எடுப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே டச்சிங்ஸ் போடுகிற ராஜாமணி மட்டும் மாறவில்லை. அதனால் ராஜாமணி பார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. டச்சிங்ஸ் என்றால் பெரிய விஷயமில்லை, குடிப்பவர்கள் நடுநடுவே தொட்டுக்கொள்ளச் சின்னத் தட்டுகளில் வைக்கிற தீனி. மற்ற பார்களில் நமுத்துப்போன கடலையும் ஊறுகாய்ப் பொட்டலமும் கிடைக்கும். இங்கே மிளகு ஈரல், ஆட்டுக் குடலில் செய்த போட்டி வறுவல், மாங்காயும் வெங்காயமும் போட்டுப் பிசறிய வேர்க்கடலை, முட்டைப் பொடிமாஸ் என்று பத்துப் பன்னிரண்டு வகை இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே பொடிக் கெண்டை வறுவல். ஏரியில் பிடித்த விரல் நீளக் கெண்டையை, தோல் உரிக்காத பூண்டும் கொத்தமல்லி விதையும் நசுக்கிப் போட்டு வறுத்தது. முள்ளோடு கடித்துத் தின்னலாம். அதற்காகவே மறைமலை நகரிலிருந்து பைக்கை முறுக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு.

இத்தனையும் ராஜாமணியின் மனைவி செல்வலட்சுமியின் கைவேலை. மூன்று கிலோமீட்டர் தள்ளி வடக்குப்பட்டில் வீடு. விடிகாலையிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். பாத்திரங்களை மொபெட்டில் கட்டி ராஜாமணி பன்னிரண்டு மணிக்கு ஒரு நடை கொண்டுபோவார். முதல் ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு இன்னொரு நடை. மீனை முக்கால் பதத்துக்கு வறுத்து அனுப்புவாள். பாரில் தட்டு கழுவுகிற கன்னியப்பன் கொதிக்கிற எண்ணெயில் ஒருதரம் போட்டு எடுத்து வைப்பான். அவனுக்குத் தெரிந்த சமையல் அவ்வளவுதான்.

வந்து உட்கார்ந்தவனுக்குக் கேட்காமலே ஒரு கைப்பிடிச் சுண்டல் வரும். அதைத் தின்று முடித்த பிறகுதான் பாட்டில் மூடியைத் திறக்க வேண்டும். வெறும் வயிற்றில் யாரும் குடிக்கக் கூடாது என்பது செல்வலட்சுமியின் சட்டம். மாஸ்டரின் சட்டம் என்றுதான் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள்.

மாஸ்டர் பிறந்தது கடை போட்ட முதல் வாரத்தில். கிரேன் ஓட்டுகிற ஒருவர் விரலைச் சப்பிக்கொண்டே, "யாருபா சமையல்? கைக்குத் தங்க மோதிரம் போடலாம்பா" என்று கேட்டார். "என் வூட்டுக்காரிதான்" என்ற வார்த்தை ராஜாமணியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

அவருடைய அம்மா கங்கா, புருஷன் செத்த பிறகு, சாராயக்கடை வாசலில் கூடை வைத்து அவித்த முட்டையும் ஈரலும் விற்றவள். ராஜாமணிக்கு அப்போது பத்து வயது. குடித்தவர்கள் ஈரலை வாங்கிக்கொண்டு அம்மாவிடம் என்னென்ன கேட்டார்கள் என்பதை அவர் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன் அதையே திருப்பிச் சொன்னான். அவன் மண்டையை உடைத்ததோடு படிப்பு முடிந்தது. அம்மா ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "போதையில பேசறது போதையோட போயிடும்டா" என்றாள். அவளுக்குப் போய்விட்டது. ராஜாமணிக்குப் போகவில்லை. மறைமலை நகரில் ஒரு கேன்டீனில் எடுபிடியாக இருந்து, கல்யாணம் கட்டி, கம்பெனிகளுக்கு நிலம் போய், கையில் கொஞ்சம் காசு வந்து, கடைசியில் அவரும் குடிக்கிற இடத்துக்கேதான் வந்து சேர்ந்தார். ஆனால் தன் வீட்டுப் பொம்பளையின் பெயர் மட்டும் இந்தத் தகரத்துக்குக் கீழே யார் வாயிலும் விழக்கூடாது என்று மனசுக்குள் ஒரு கோடு கிழித்திருந்தார்.

"சமையலுக்கு மாஸ்டர் வெச்சிகீறேன்" என்றார்.

"எந்த ஊரு மாஸ்டரு?"

வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி நின்றுகொண்டிருந்தது. அதன் கண்ணாடியில் 'வனமாமலை துணை' என்று எழுதியிருந்தது. "திருநெல்வேலி பக்கம். பேரு வனமாமலை" என்று சொல்லிவிட்டு ராஜாமணி மூச்சு விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது செல்வலட்சுமி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதன் பிறகு ஒரு வருஷம் அந்த மாஸ்டர் புருஷன் பொஞ்சாதிக்கு நடுவில் ஒரு விளையாட்டு. உப்பு கூடிப்போனால், "உங்க மாஸ்டருக்கு இன்னிக்கு மூடு சரியில்ல" என்பாள். இவர் நேரம் கழித்து வந்தால், "மாஸ்டரு கோச்சிகினு ஊருக்குப் போயிட்டாரு, நீயே சமையல் பண்ணிக்க" என்பாள். இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பொய்யில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்தது. ராஜாமணி அந்தச் சுகத்தை மட்டும் பார்த்தார்.

வீட்டில் தினமும் ஒரு சடங்கு உண்டு. இரண்டாம் நடைக்கு ராஜாமணி வந்து நின்றதும், பாத்திரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் அவள் கேட்பாள்: "இன்னாயா சொன்னாங்க இன்னிக்கு?"

அவர் சொல்வார். கிரேன்காரர் மூன்று தட்டு வாங்கினார். போட்டியில் சோம்பு தூக்கலாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னான், ஆனால் அவனே மறுபடி வாங்கினான். ஒரு சூப்பர்வைசர் ஈரலைப் பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனார். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். யார், எந்த ஊர், எப்படி உட்கார்ந்து தின்றான் என்றெல்லாம் விசாரிப்பாள். அவளுக்கு வந்த கூலி அதுதான். ஆரம்பத்தில் ராஜாமணி ஒன்று விடாமல் சொன்னார். வருஷம் ஏற ஏற, "நல்லாக்கீதுன்னாங்க" என்பதோடு முடித்துக்கொண்டார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போவாள்.

ஒருநாள் கேட்டாள். "ஒரே ஒரு வாட்டி வந்து பாக்கறேன்யா. ஓரமா நின்னு, அவங்க துன்றத மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"அங்க இன்னா கீது பாக்க? எல்லாம் குடிகாரப் பசங்க."

"குடிகாரன்னா வாயால துன்ன மாட்டானா?"

"கம்முனு இரு, சொல்றேன் இல்ல" என்றார். அவள் அடுத்த வருஷமும் கேட்டாள். அதற்கடுத்த வருஷமும் கேட்டாள். காந்தி ஜெயந்தி அன்றைக்கு ஒயின்ஷாப் லீவு. நச்சரிப்பு தாங்காமல் அன்று மொபெட்டில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். பூட்டைத் திறந்தார். நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். பினாயில் நாற்றமும் பழைய பீர் நாற்றமும் கலந்து வந்தது. செல்வலட்சுமி முந்தானையால் மூக்கைப் பொத்தவில்லை. ஒவ்வொரு மேசையாகப் போய் நின்றாள். "கிரேன்காரரு எங்க உக்காருவாரு?" என்று கேட்டாள். அவர் காட்டிய மேசையில் ஒரு நாற்காலியை இறக்கிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்தாள். தட்டு எந்த வழியாக வரும் என்று பார்த்தாள் போலிருக்கிறது. எழுந்துகொண்டே, "ஆளே இல்லாத அன்னிக்கு இட்டாந்து காட்டறியே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ராஜாமணி அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாதா என்றிருக்கிறது.

இதற்கிடையில் மாஸ்டர் பாரில் பெரிய ஆளாகிவிட்டார். கம்பெனிகளுக்குத் தெற்கத்திப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒரு ரூமுக்கு ஆறு பேர் ஏழு பேர் என்று தங்கியிருந்தார்கள். சமைத்துப் போட ஆளில்லாத அந்தப் பிள்ளைகளுக்கு வனமாமலை என்ற பெயரே பாதி வயிற்றை நிறைத்தது. அதில் சக்திகுமார் என்பவன் முதல் ஆள். வனமாமலைப் பெருமாள் கோயில் இருக்கிற நாங்குநேரிப் பக்கத்துக்காரன், மோட்டார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தகடு அடிக்கிற பிரஸ் லைனில் வேலை. கெண்டையை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொள்வான்.

"அண்ணாச்சி, இது எங்க ஊருக் கையில்லா! எங்கம்மயும் இப்பிடித்தான் பூண்ட உரிக்காமத் தட்டிப் போடுவா. மாஸ்டர ஒருநாளு பாக்கணும் அண்ணாச்சி."

"அவரு பாருக்கு வரமாட்டாருபா. வூட்டாண்டயே சமையல். குடிக்கிறவங்களக் கண்டா அவருக்கு ஆவாது."

"அதுவும் சரிதான். எங்க ஊருக்காரன் ரோசக்காரன்" என்று சக்திகுமார் நெஞ்சை நிமிர்த்துவான். இந்த ஏரி மீனுக்கும் அவன் ஊருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. செல்வலட்சுமி பிறந்தது வாலாஜாபாத் பக்கம், ரயிலில் செங்கல்பட்டைத் தாண்டித் தெற்கே போனதில்லை. ஒரு தீபாவளிக்குப் பையன்கள் சேர்ந்து மாஸ்டருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். நல்ல சட்டை. ராஜாமணி போட்டுப் பார்க்கப் போனபோது செல்வலட்சுமி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அது எனுக்குக் குட்த்தது" என்று பீரோவில் தன் புடவைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினாள்.

பிறகு ஸ்பெயின்காரர் வந்தார். சக்திகுமாரின் லைனில் புது மெஷின் மாட்ட ஆறு மாதத்துக்கு வந்தவர். பெயர் ஹாவியர், லைனில் சேவியர் சார் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை முதல் ஷிப்ட் விட்டதும் சக்திகுமார் அவரைக் கையோடு கூட்டிவந்தான். சுண்டல் கேட்காமல் வந்ததும் அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈரல் வந்தது, வேர்க்கடலை வந்தது. கெண்டை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஐந்து தட்டு கெண்டை தின்றார். அப்புறம் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டிப் படபடவென்று ஏதோ சொன்னார். சக்திகுமார் தனக்குத் தெரிந்த லைன் இங்கிலீஷை வைத்து அதைத் தமிழாக்கினான்.

"அங்க இவங்களும் குடும்பமா பாருதான் நடத்துதாவளாம் அண்ணாச்சி. தாத்தா காலத்துக் கடையாம். அப்பா ஊத்திக் குடுப்பாராம், அம்மதான் அடுப்புல நிப்பாவளாம். குடிக்க எது வாங்குனாலும் கூடவே ஒரு சின்னத் தட்டு வருமாம். நம்ம டச்சிங்ஸ்தான், அவ்வொ தாபாஸ்ங்காவ. இந்தா பாருங்க, இதான் அவுக அம்ம."

படத்தில் எழுபது வயதுக் கிழவி ஒருத்தி இடுப்பில் துணி கட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் பத்துப் பேர் கையில் கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவள் அவர்களில் ஒருவனை ஏதோ அதட்டிக்கொண்டிருந்தாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"வாசல்ல எழுதியிருக்கது அம்ம பேருதானாம். அவுக வறுக்கற பொடிமீனு மாதிரியே இருக்காம். மாஸ்டரப் பாக்கணும்ங்காரு. கையப் பிடிச்சு நாலு வார்த்த சொல்லணுமாம்."

ராஜாமணி வெளியே பார்த்தார். மொபெட் வாசலில்தான் நின்றது. போய்க் கூட்டிவரக் கால்மணி நேரம் ஆகாது. இந்த நேரத்தில் அவள் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், முகம் கழுவிக்கொண்டு வந்தால் போதும். இப்படி ஒரு நாள் அவளுக்கு இனிமேல் வராது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. அப்போது மூலை மேசையில் ஒருவன் போனில் யாரையோ அம்மா அக்கா என்று இழுத்து நாறடித்துக்கொண்டிருந்தான். ராஜாமணியின் காதில் பத்து வயதில் கேட்டதெல்லாம் மறுபடி கேட்டது. அதே நேரம் தலையில் துண்டும் கையில் ஜல்லிக் கரண்டியுமாகக் கன்னியப்பன் வெளியே வந்தான்.

"இதோ, இவருதான் மாஸ்டரு" என்று ராஜாமணி சொல்லிவிட்டார்.

கன்னியப்பன் திருதிருவென்று விழித்தான். ஸ்பெயின்காரர் எழுந்து போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஐம்பது வயதில் கன்னியப்பனை யாரும் அப்படிக் கட்டிப்பிடித்ததில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எப்படிச் செய்கிறாய் என்று கேட்டதற்கு, "வெங்காயம் நெறைய போடணும் சார்" என்றான். கெண்டை வறுவலில் வெங்காயமே கிடையாது. சக்திகுமார் ஓடிவந்து மாஸ்டர் காலைத் தொட்டான். "இத்தன நாளு தட்டு கழுவுத மாதிரில்லா நடிச்சிருக்கீய!" என்று கும்பிட்டான். மாஸ்டரையும் வெள்ளைக்காரரையும் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்ததும் அவன்தான்.

வீட்டில் ராஜாமணி, "ஒரு வெள்ளக்காரரு அஞ்சு தட்டு கெண்ட துன்னாரு" என்று மட்டும் சொன்னார். செல்வலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "யார் செஞ்சதுன்னு கேக்கலியா?" என்றாள். "இல்ல" என்றார். இவ்வளவு நாளும் ஊரிடம் சொன்ன பொய்யில் அவளும் கூட்டாளி. அவளிடமே சொன்ன முதல் பொய் இது. அன்றைக்கு அது சின்னதாகத்தான் தோன்றியது.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது போனுக்கு ஒரு படம் வந்தது. சேவியர் சாருக்கு ஊரிலிருந்து வந்ததைச் சக்திகுமார் அனுப்பியிருந்தான். மகள் மதிவதனி, போன் கம்பெனியில் டெஸ்டிங் லைனில் இருப்பவள், அன்று அவளுக்கு வார லீவு, எடுத்துப் பார்த்துவிட்டாள். ராஜாமணி துண்டோடு வந்தபோது அம்மாவும் மகளும் தலை முட்டப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாப்பா இது? கன்னியப்பன் மாமா போட்டோவ ஃபாரின்ல சொவத்துல மாட்டி வெச்சிகிறாங்க! 'இந்தியாவின் மாஸ்டர்'னு கீழ எழுதிக்கினு கீறாங்கன்னு சக்தி அண்ணன் போட்டுகீறாரு."

செல்வலட்சுமி கன்னியப்பனை அதிகம் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்த கிழவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மா யாரு?"

"அந்த வெள்ளக்காரரோட அம்மா. அது அவங்க கடைதான்."

"கடையிலயே நிக்கிறாங்களா?"

"ஆமா."

"குடிக்கிறவங்க மத்தியிலயா?"

"ஆமாம்."

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

ராஜாமணி துண்டால் தலையைத் துவட்டினார். அவள் போனை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். "கன்னியப்பண்ணனுக்கு ஒரு மீன ஒழுங்கா திருப்பிப் போடத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மதிவதனி சிரிக்கவில்லை. "நீ பண்ணது நல்லால்லப்பா" என்று சொல்லிவிட்டு அவளும் போனாள்.

மறுநாளும் சமையல் நடந்தது. ஒரு குறையும் இல்லை. அதே ஈரல், அதே கெண்டை. இரண்டாம் நடைக்கு வந்து ராஜாமணி நின்றார். செல்வலட்சுமி பாத்திரத்தைக் கையில் கொடுத்தாள். கேட்கவில்லை. அவர், "கிரேன்காரரு இன்னிக்கு..." என்று தானாகவே ஆரம்பித்தார். "சூடு ஆறிடும், எட்த்துனு போ" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் கேட்கவில்லை. சண்டை போட்டிருந்தால் ராஜாமணி தாங்கியிருப்பார். சண்டைக்கு அவருக்குப் பதில் தெரியும். யாருமே எதுவுமே கேட்காமல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு போகிற அந்த மூன்று கிலோமீட்டர் அவருக்கு மலையேற்றமாக ஆகிவிட்டது.

ஆயுத பூஜை அன்று கூட்டிப்போவது என்று முடிவு செய்தார். பாரில் அன்றைக்குப் பொரியும் சுண்டலும் வைத்துப் படைப்பார்கள், எல்லாரும் இருப்பார்கள். அத்தனை பேர் முன்னாலும் இவள்தான் மாஸ்டர் என்று சொல்லிவிட வேண்டியதுதான். செல்வலட்சுமியிடம் சொன்னபோது, "பாக்கலாம்" என்றாள். அன்றைக்குக் காலையில் தலைக்குக் குளித்து அரக்குப் புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு பத்து மணிக்கே தயாராக உட்கார்ந்திருந்தாள். ராஜாமணி முன்னால் போய் இடத்தைச் சுத்தம் பண்ணிவிட்டு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனார்.

பாரை ஏலம் எடுத்தவரின் ஆட்கள் நாலு பேர் அதற்குள்ளேயே போதை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூ விற்க வந்த ஒரு பொம்பளையிடம் அவர்களில் ஒருவன் ஏதோ கேட்டான். மற்ற மூன்று பேரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். அந்தப் பொம்பளை அவனைத் திருப்பித் திட்டிவிட்டு, பூவை விற்றுவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விட்டாள். ராஜாமணிதான் அங்கேயே நின்றார். வீட்டுக்குத் திரும்பி வந்து, வாசற்படி ஏறாமலே, "இன்னிக்கு வாணாம், ஆளுங்க சரியில்ல" என்றார்.

செல்வலட்சுமி எழுந்தாள். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, மறுநாளைக்குக் கடலையை ஊறப்போட்டாள். அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று ராஜாமணிக்கு இப்போது தெரிகிறது. யாராவது ஏதாவது சொல்லியிருந்தால் அவளே பதில் சொல்லியிருப்பாள். சொல்லுக்குப் பயந்தது அவர்தான், அவள் இல்லை.

பொங்கலுக்குப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தார். பொங்கலுக்கு முன்னாலேயே சாலையை அகலப்படுத்த அளவெடுத்தார்கள். கோடு தகரக் கொட்டகைக்கு நடுவில் போயிற்று. ஒயின்ஷாப்பை வேறு எங்கோ மாற்றினார்கள். புது இடத்தில் பாருக்கு அனுமதி இல்லை. ஒரே வாரத்தில் அங்கே ஜல்லிக் குவியல்தான் இருந்தது. கன்னியப்பன் தன் அக்கா ஊருக்குப் போய்விட்டான். ராஜாமணி ஒரு குடோன் வாசலில் செக்யூரிட்டி சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். செல்வலட்சுமி மூன்று பேருக்கு மட்டும் சமைத்தாள். கெண்டை வறுப்பதை விட்டுவிட்டாள். மீன்காரி கூவிக்கொண்டு போனாலும் கூப்பிடுவதில்லை.

இரண்டு வருஷம் போயிற்று. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில் ராஜாமணி நின்றுகொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது. சக்திகுமார்! கம்பெனியில் நிரந்தரமாகிவிட்டான், கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான். பின்னால் புதுப் பொண்டாட்டி முத்துச்செல்வி. வடக்குப்பட்டில் மனை பார்க்க வந்தார்களாம். "அண்ணாச்சி!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இவனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று ராஜாமணிக்குத் தோன்றியது. இதை விட்டால் வேறு நாள் கிடையாது. "வூட்டுக்கு வா. சாப்ட்டுட்டுதான் போவணும்" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியிலேயே கெண்டையும் வாங்கிக்கொண்டார்.

பையிலிருந்த மீனைப் பார்த்த செல்வலட்சுமி ஒருதரம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பூண்டை எடுத்து நசுக்கினாள். அரைமணியில் வீடெல்லாம் அந்த வாசனை வந்தது. ராஜாமணிக்குக் கண்ணைக் கரித்தது. தட்டு வைத்தாள். சக்திகுமார் ஒரு மீனை எடுத்து வாயில் போட்டான்.

இப்போது சொன்னால்தான் உண்டு என்று ராஜாமணி வாயைத் திறந்தார். "சக்தி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. மாஸ்டரு மாஸ்டருன்னு சொல்வியே. அப்பிடி ஒருத்தரும் கெடையாது. பதினாலு வருசமும் சமைச்சது இவதான். இவதான்பா மாஸ்டரு."

சக்திகுமார் மென்றுகொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"போங்க அண்ணாச்சி! அக்காவச் சந்தோசப்படுத்தணும்னு சொல்லுதிய. மாஸ்டர நிக்க வச்சு நானே போட்டோ எடுத்துருக்கேனே. என்கிட்டயா கத விடுதிய?"

"டேய், அவன் தட்டு கழுவறவன்டா. சத்தியமா சொல்றேன். என் பொண்ணு மேல சத்தியம்."

"சத்தியம்லாம் எதுக்கு அண்ணாச்சி? அக்கா, கோவிச்சுக்கிடாதீய, நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மாஸ்டரு கைப்பக்குவம் வேறல்லா. அது எங்க ஊருக் கை. வாயில வச்ச ஒடனே தெரிஞ்சிரும்."

ராஜாமணி தவித்துப்போய் மனைவியைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்று கண்ணால் கெஞ்சினார். செல்வலட்சுமி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். விருந்தாளி முன்னால் புருஷன் பொய்க்காரனாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். சாப்பிடுகிற சக்திகுமாரையும் பார்த்தாள். அவள் சமைத்ததை ஒரு வாடிக்கையாளன் உட்கார்ந்து தின்பதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

"ஆமாம்பா. மாஸ்டரு கை வராதுதான்" என்றாள் நிதானமாக. "நான் அவருகிட்டதான கத்துகினேன்."

"அதான பாத்தேன்!" என்று சக்திகுமார் தொடையில் தட்டினான்.

முத்துச்செல்வி மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் செல்வலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாமணி எழுந்திருக்கப் போனார். செல்வலட்சுமி அவர் தோளில் கை வைத்து அழுத்தி உட்காரவைத்தாள். அவர் தட்டிலும் இரண்டு மீன் வைத்தாள்.

"துன்னுயா, ஆறிடப் போவுது."